முதல் இலைக்குச் சோறு போடுகிறவன்

என் நண்பன் கோவிந்தனைப் பந்தியிலிருந்து விலக்கித் திரைக்குப் பின்னால் அனுப்பியது நான்தான். அவன் முகத்தை நாலு பேர் பார்க்கக் கூடாது என்பதற்காக அனுப்பினேன். அவனிடம் நான் சொன்ன காரணம் வேறு. அது பொய்.

இதை முதலிலேயே எழுதிவிட வேண்டியிருக்கிறது. இந்தத் தொடரில் என் ஆசிரியர் வாழ்க்கையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு வாசகி ஒருவர், ‘ஈர மனம் கொண்ட இப்படிப்பட்டவர்கள் இன்று அபூர்வம்’ என்று கடிதம் போட்டிருந்தார். இரண்டு முறை படித்தேன். மூன்றாம் முறையும் படிக்க ஆசை வந்தது. அந்த ஆசையைப் பார்த்துத்தான் எனக்கு அருவருப்பாகிவிட்டது.

அம்மா, அந்த ஈரத்தின் அளவைச் சொல்கிறேன். கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்பளம் எடுக்கப் போன கை

கோலசிலாங்கூர்ப் பக்கத்தில் எங்கள் தோட்டம் இருந்தது. இப்போது இல்லை. கித்தா என்கிற ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை போட்டார்கள். பிறகு செம்பனையையும் வெட்டி வீடு கட்டினார்கள். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயங்களை இடித்து, சனங்களைத் தாமான் என்கிற புதுக் குடியிருப்பு வீடுகளில் கொண்டுபோய் வைத்தார்கள். கோயில் மட்டும் நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கிறது. திருவிழா அன்று எல்லோரும் அங்கே வந்து சேர்வோம். பணி ஓய்வுக்குப் பிறகு அந்தக் கோயிலுக்கு நான் தலைவரானேன். ஓய்வு பெற்ற தலைமையாசிரியரை வேறு எங்கே வைப்பது?

அன்னதானத்தில் தோட்டத்துக் காலத்திலிருந்தே ஒரு வழக்கம் உண்டு. விடியலில் அடுப்புக்கு நெருப்பு வைக்கிறவன்தான் மதியம் முதல் இலைக்குச் சோறு போட வேண்டும். தோட்டத்து ஆபீசின் பெரிய கிராணியே வந்து உட்கார்ந்திருந்தாலும் அவன் கரண்டிக்குத்தான் காத்திருக்க வேண்டும். ஆக்கியவன் எதிரில் நின்று போடுகிற சோற்றைத்தான் எங்கள் சனங்கள் நம்பிச் சாப்பிட்டார்கள். இருபது வருடத்துக்கு மேலாக அந்தக் கரண்டி கோவிந்தனிடம் இருந்தது.

கோவிந்தனின் முகத்தில் இடது பாதி எரிந்து போனது. நெற்றியிலிருந்து தாடை வரை தோல், கித்தா மரத்தில் வடிந்து காய்ந்த கட்டிப்பால் மாதிரி இழுத்துக்கொண்டு நிற்கும். காது பாதிதான். இமை முழுதாக மூடாது. உதடு ஒரு பக்கம் தூக்கியிருப்பதால் தண்ணீர் குடிக்கும்போது இன்னொரு கையைத் தாடைக்குக் கீழே ஏந்திக்கொள்வான்.

சில வருடங்களுக்கு முன், அன்னதானம் தொடங்குகிற நேரம். கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் சின்னப் பெண் அவனை நிமிர்ந்து பார்த்துவிட்டு வீறிட்டு அழுதாள். ஐந்து வயது இருக்கும். கோவிந்தனுக்கு இது புதிதல்ல. அவனிடம் ஒரு வைத்தியம் இருந்தது. பெரிய அப்பளம் ஒன்றை எடுத்து முகத்துக்கு நேரே பிடிப்பான். நடுவில் விரலால் குத்தி ஓட்டை போட்டு, அதன் வழியே ஒற்றைக் கண்ணால் பார்ப்பான். பிறகு ஓட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்துப் பெரிதாக்குவான். அப்பளம் தீரும்போது பிள்ளை சிரித்துக்கொண்டிருக்கும். முகம் பழகிப் போயிருக்கும்.

அன்றும் அவன் கை அப்பளக் கூடைக்குப் போனது. அதற்குள் நான் போய் நின்றுவிட்டேன்.

அன்று டத்தோ பட்டம் பெற்ற பிரமுகர் ஒருவர் சிறப்பு விருந்தினர். எனக்குப் பின்னால் எங்கள் செயலாளர் லோகன். கையில் பிடித்த கைப்பேசியில் அன்னதானம் முகநூலில் நேரலையாகப் போய்க்கொண்டிருந்தது. “சார், டத்தோ கார் வந்திருச்சு லா. கேமரா இந்தப் பக்கம்தான் திரும்பும்” என்றான். இவ்வளவுதான் அவன் சொன்னது. மீதியை நானே புரிந்துகொண்டேன். படித்தவன் இல்லையா?

“கோவிந்தா, காலையிலேருந்து பொகையில நின்னு கண்ணெல்லாம் செவந்து கெடக்கு. உள்ள போயி செத்த நேரம் உக்காரு. பசங்க பாத்துக்குவாங்க” என்றேன். குரலில் எவ்வளவு அக்கறை! இன்று நினைத்தாலும் அந்தக் குரலின் கழுத்தைத் திருக வேண்டும் போலிருக்கிறது.

அவன் என்னைப் பார்த்தான். “மொத எலைக்கு யாரு போடுறது, நடேசா?”

“லோகன் போடுவான்.”

அழுத பிள்ளையின் தாய் எழுந்து, “பரவால்ல அங்கிள், அவ சும்மா பயந்துட்டா, இப்ப சரியாயிருவா” என்றாள். அவள் குறை எதுவும் சொல்லவில்லை. அங்கே யாருமே சொல்லவில்லை. குறை முழுவதும் என் தலைக்குள் இருந்தது.

கோவிந்தன் கரண்டியைச் சோற்றின் மேல் மெல்ல வைத்துவிட்டுச் சமையல்கட்டை மறைத்துக் கட்டிய நீலத் திரைக்குப் பின்னால் போனான். திரை தரை வரை எட்டவில்லை. அவனுடைய ரப்பர்ச் செருப்பு இரண்டும் அசையாமல் நிற்பது பந்திக்குத் தெரிந்தது.

பந்தியில் மூன்றாவது இலையில் அவன் மனைவி அஞ்சலை இருந்தாள். எழுந்தாள்.

“வாத்தியாரே, அவரு மூஞ்சி ஆகாது. அவரு ஆக்குன சோறு மட்டும் ஆகுமா?”

எதுவும் பரிமாறாத இலையை அவள் மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரையை விலக்கி உள்ளே போனாள். பந்தி முடிகிற வரை உள்ளிருந்து பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. எல்லா அண்டாவையும் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுத்தான் இரண்டு பேரும் வீட்டுக்குப் போனார்கள். சாப்பிடவில்லை.

நான் டத்தோவோடு படம் எடுத்துக்கொண்டேன். கைகூப்பிச் சிரிக்கிறேன். அந்தப் படம் இன்னும் முகநூலில் இருக்கிறது. யாரோ கீழே, ‘எளிமையின் சிகரம்’ என்று எழுதியிருக்கிறார்கள்.

நல்ல கையெழுத்தில் ஒரு கடிதம்

நான் ஒரு நாள் வழுக்கி விழுந்தவன் என்று நினைத்துவிட வேண்டாம். எனக்குப் பழைய அனுபவம் உண்டு.

கோவிந்தனும் நானும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் பிறந்தவர்கள். அவன் ஆறாம் வகுப்போடு மரம் சீவப் போனான். நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போனேன். அவனுக்கு இருபத்து மூன்று வயது இருக்கும்போது, ரப்பர்ப் பாலை உறைய வைக்கிற ஆசிட் ஜாடியை லோரியிலிருந்து இறக்கும்போது அடி விட்டுப் போய் மேலே கொட்டிவிட்டது. மற்றவர்கள் தண்ணீர் தேடி ஓடியதாகச் சொல்வார்கள். ஓடியது தண்ணீருக்கு மட்டும்தானா என்று நான் கேட்டதில்லை.

அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் அவனுக்குப் பரிசம் போட்டிருந்தது. பெண் சுங்கை ஆயர் தாவார்ப் பக்கம் தென்னந்தோட்டத்துக் குடும்பம். கோவிந்தனின் தாயார் என்னிடம் வந்து அழுதார். “அந்தப் புள்ள வாழ்க்கைய நாம கெடுக்கக் கூடாதுப்பா. நீ படிச்சவன், நாகரிகமா ஒரு கடுதாசி எழுதிப் போடு.”

எழுதினேன். பெண்ணின் எதிர்காலத்தை முன்னிட்டுப் பரிசத்தை முறித்துக்கொள்ளலாம், நாங்கள் மனக்கசப்புக் கொள்ள மாட்டோம் என்று. அருமையான கடிதம். ஒரு சொல் கூட அடித்திருக்கவில்லை. கோவிந்தன் ஆஸ்பத்திரியில் இருந்தான். அவனைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. முகம் போன பிறகு அவனுக்கு விருப்பம் என்று ஒன்று இருக்கும் என்பதே என் நினைவில் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தேன். வார்டில் டெட்டால் வாடையும் அதற்கு அடியில் வேறொரு வாடையும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடியே நலம் விசாரித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கடிகாரத்தின் எண்கள் பச்சை நிறம் என்பது வரை எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவன் முகத்தில் அன்று எவ்வளவு கட்டு இருந்தது என்பது ஞாபகம் இல்லை.

அஞ்சலை தனியாக வந்தாள். இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். கட்டிலின் கால்பக்கம் நின்று அவனை முழுதாக, நேராக, நெடுநேரம் பார்த்தாள். நான் செய்யாத காரியம். பிறகு தாதியிடம் சீப்புக் கேட்டாள்.

“யாரு இவருக்குத் தல வாரி விட்டது? வகிடு மாறிக் கெடக்கு.”

வாரி முடித்த பிறகு கைப்பையிலிருந்து என் கடிதத்தை எடுத்தாள். “இத எழுதுனது யாரு?”

“நான்தான்” என்றேன்.

“கையெழுத்து நல்லா இருக்கு” என்று சொல்லி, அதை நாலாக மடித்து, மேசையில் வட்டம் வட்டமாக ஈரம் படிய வைத்துக்கொண்டிருந்த தண்ணீர்க் குவளைக்கு அடியில் வைத்தாள்.

கல்யாணம் எங்கள் கோயிலில்தான் நடந்தது. படம் எடுக்க வந்தவர் கோவிந்தனைப் பக்கவாட்டில் திரும்பி நிற்கச் சொன்னார். அஞ்சலை அவன் தாடையைப் பிடித்து நேராகத் திருப்பிவிட்டு, “இப்ப எடுங்க” என்றாள். அந்தப் படம் அவர்கள் வீட்டு ஹாலில் இன்றும் இருக்கிறது. மாப்பிள்ளையின் இரண்டு பக்கமும் தெரிகிற படம்.

நான் அந்த வருடமே பத்தாங் காலிக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். பணி உயர்வுக்காக என்று எல்லோரிடமும் சொன்னேன். வாரம் ஒரு முறை அவன் எதிரில் உட்கார்ந்து எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தவிப்பதற்கு மலையடிவாரம் எவ்வளவோ மேல். கோவிந்தனோ, முப்பது வருடம் கழித்து நான் திரும்பி வந்தபோது, “வந்துட்டியா நடேசா? ஒன் வீட்டுச் சாவி எங்கிட்டதான் இருக்கு, பெருக்கி வெச்சிருக்கேன்” என்றான். விசுவாசம் என்கிற சொல்லுக்கு வகுப்பில் நான் எத்தனையோ முறை பொருள் எழுதிப் போட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் கரும்பலகைக்குத்தான் அது தெரிந்திருக்கும்.

பரிகாரம், எங்கள் பாணியில்

அந்த அன்னதானத்துக்குப் பிறகு கோவிந்தன் கோயில் பக்கம் வரவில்லை. ஒரு மாதம் தள்ளிப்போட்டுவிட்டு, ஆரஞ்சுப் பழங்களை ஒரு தட்டில் அடுக்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன்.

“வாங்க, தலைவரே” என்றான்.

உலகத்தில் என்னை நடேசா என்று கூப்பிட அவன் ஒருவன்தான் மிச்சம் இருந்தான். அன்றோடு அதுவும் முடிந்தது. தேநீர் கொடுத்தான். மரியாதையாகப் பேசினான். ‘நீங்க’, ‘வாங்க’, ‘சொல்லுங்க’. ஒவ்வொன்றும் வாசற்கதவைச் சாத்துகிற மாதிரி இருந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். கேட்காமலே திரும்பினேன்.

தனியாகச் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியத்தைச் சொல்லத் துப்பில்லாதவர்கள் என்ன செய்வோம்? விழா எடுப்போம். மேடை, மாலை, பொன்னாடை, ஒரு பட்டம். அடுத்த திருவிழாவில் கோவிந்தனுக்குச் ‘சேவைச் செம்மல்’ பட்டம் கொடுப்பதென்று கமிட்டியில் தீர்மானம் போட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். எங்கள் வட்டாரத்தில் செம்மல்களுக்குப் பஞ்சம் கிடையாது. கைதட்டியவர்களில் பாதிப்பேர் ஏற்கெனவே செம்மல்கள்.

அழைக்கப் போனபோது அவன், “எனக்கெதுக்கு, தலைவரே?” என்றான். அஞ்சலை அவனை அடக்கினாள். “வரோம். என்னதான் செய்றாங்கன்னு பாப்போம்.”

கோயில் வாசலில் கட்டப் பத்தடிக்குப் பேனர் ஒன்று அடிக்கச் சொன்னோம். நடுவில் கோவிந்தன் படம், மூலையில் தலைவர் என்ற முறையில் என் படம். கடைக்காரர் மாதிரியைக் கமிட்டியின் வாட்சாப் குழுவில் அனுப்பினார். முதல் மாதிரியில் கோவிந்தன் கோவிந்தனாகவே இருந்தான். நான் பதில் போட்டேன்: ‘கொஞ்சம் பார்க்கிற மாதிரி செய்து கொடுங்கள்.’

இரண்டாவது மாதிரி வந்தது. இரண்டு காதும் முழுதாக, இரண்டு கன்னமும் மழமழவென்று, உதடு நேராக. அதைப் பார்த்ததும் எனக்கு வந்தது என்ன தெரியுமா? நிம்மதி. கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பி ஒப்புதல் கொடுத்தேன்.

“ஆளு நல்லா இருக்காரு”

திருவிழா அன்று இரண்டு பேரும் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். கோவிந்தன் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பேனரை நிமிர்ந்து பார்த்தான். வரவேற்பதற்காக நான் மாலையோடு நின்றேன். நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தது.

“இது யாரு, தலைவரே?”

நான் சிரிக்கப் பார்த்தேன்.

“ஆளு நல்லா இருக்காரு. எந்த ஊருக்காரரு? எம் பேரப் போட்டு வெச்சிருக்கீங்களே, அவரு கோவிச்சுக்கப் போறாரு.”

பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அஞ்சலை சிரிக்கவில்லை. “எம் புருசன் எங்க?” என்றாள். “கல்யாணப் படத்துல நேரா நிக்க வெச்சுக் காட்டுனேனே வாத்தியாரே, நீங்களும் பக்கத்துலதான நின்னீங்க?”

“கடைக்காரன் தப்பு அஞ்சல, பிரிண்டிங்குல ஏதோ…”

“சார்,” என்றான் லோகன், உண்மையான குழப்பத்தோடு. “நீங்கதானே அப்படிச் செய்யச் சொல்லி மெசேஜ் போட்டீங்க? குரூப்புல இருக்கே.”

நாதஸ்வரக்காரர் அந்த இடத்தில்தான் மூச்சு வாங்க நிறுத்த வேண்டுமா? நிறுத்தினார்.

என் வாழ்நாளில் நான் தயாரிக்காமல் பேசிய வாக்கியங்கள் சொற்பம். அதில் ஒன்று அப்போது வந்தது. “தப்புப் பண்ணிட்டேன் கோவிந்தா. அன்னிக்கும் பண்ணேன், இன்னிக்கும் பண்ணிட்டேன்.”

“தெரியும்” என்றான்.

அவ்வளவுதான். நான் அழுவேன், அவன் என் தோளைத் தொடுவான் என்று மனத்தின் ஒரு மூலையில் எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது. அவன் தலைக்கவசத்தைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டான்.

“அப்ப வா, இன்னிக்கு மொத எலைக்கு நீயே போடு. கரண்டியத் தரச் சொல்றேன்” என்றேன்.

“அடுப்புப் பத்த வெச்சது யாரு?”

யாரும் இல்லை. அந்த வருடம் டவுனிலிருந்து கேட்டரிங் வரவழைத்திருந்தோம். சோறு தகரப் பெட்டிகளில் வேனில் வந்து இறங்கியது.

“நான் பத்த வெக்காத அடுப்புக்கு நான் எப்படி மொத எலை போடுறது, தலைவரே? கோயில் வழக்கம் ஒன்னு இருக்கில்ல?”

வழக்கத்தைக் காப்பாற்ற வேண்டிய தலைவரிடம், வழக்கத்தை மீறி அவமதிக்கப்பட்டவன் அதை நினைவுபடுத்தினான். மாலை என் கையிலேயே இருந்தது. ஈர நார் விரலை அறுத்தது.

சமையல்கட்டுக்குப் போய்க் கத்தியை எடுத்துவந்து, நாற்காலி போட்டு ஏறிப் பேனர்க் கயிற்றை நானே அறுத்தேன். எழுபதைத் தாண்டியவன் நாற்காலியில் ஆடிக்கொண்டு கயிறு அறுப்பதைப் பல பேர் படம் பிடித்தார்கள். பேனர் என் தலைமேல் விழுந்தது. அஞ்சலை அதை இழுத்து உதறினாள்.

“சுருட்டிக் குடுங்க. கனமா இருக்கு, எதுக்காவது ஆகும்.”

மோட்டார் சைக்கிளில் அவள் அதைக் குறுக்கே மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ள, இரண்டு பேரும் போனார்கள்.

தலைவர் பதவியை அந்த மாதமே விட்டேன். அதையும் சும்மா விட முடிந்ததா? கமிட்டி எனக்கு வழியனுப்பு விழா எடுத்தது. கோவிந்தனுக்கு வாங்கி வைத்த பொன்னாடை பிரிக்காமல் இருந்தது. அதை எனக்குப் போர்த்தினார்கள். நான் குனிந்து வாங்கிக்கொண்டேன். முதுகு அப்படிப் பழகிவிட்டது.

பேனரின் மேல் ஒரு பந்தி

போன திருவிழா அன்று கோவிந்தன் தன் தாமான் வீட்டு முன்னால் அடுப்பு மூட்டுகிறான் என்று கேள்விப்பட்டேன். கோயிலுக்குப் போட்டியாக இல்லை. சாமி கும்பிட எல்லோரும் கோயிலுக்குப் போனார்கள். சாப்பிடப் பழைய தோட்டத்துச் சனங்களில் சிலர் அங்கே போவதாக இருந்தது. என்னை யாரும் அழைக்கவில்லை. விடிந்ததும் போய் நின்றேன்.

“அடுப்ப அவரு பத்த வெச்சாச்சு” என்றாள் அஞ்சலை. அந்தப் புண்ணியத்துக்கு வந்தாயா என்பது அதில் அடக்கம். பிறகு ஒரு கூடையைக் காலால் என் பக்கம் தள்ளினாள். “வெங்காயம் இருக்கு.”

உட்கார்ந்து நறுக்கினேன். அவள் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். “பரீட்சப் பேப்பர் திருத்துற மாதிரி நறுக்குறாரு பாரு. சாம்பாருக்கு வாத்தியாரே, பொடிப்பொடியாப் போடாதீங்க.” கோவிந்தன் புகைக்கு அப்பாலிருந்து லேசாகச் சிரித்த சத்தம் கேட்டது. என்னைப் பார்த்துச் சிரித்தானா, என்னோடு சேர்ந்தா என்று தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் எனக்கு அதிகம்தான்.

மதியம் கார் நிறுத்துகிற இடத்தில் இரண்டு வரிசையாக இலை போட்டார்கள். பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண்மணி பேரப்பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்தார். திரை எதுவும் இல்லை. மறைக்க அங்கே ஒன்றும் இல்லை. கோவிந்தன் அப்பளத்தில் ஓட்டை போட்டுப் பார்க்க, எதிரே அந்தப் பிள்ளைகளும் ஆளுக்கோர் அப்பளத்தைப் பிடித்துக்கொண்டு ஓட்டை வழியே அவனைப் பார்த்தார்கள். அவர்கள் தாவாங்கட்டையெல்லாம் அப்பளத் தூள்.

முதல் இலைக்கு அவன் சோறு போட்டான். நான் கடைசி இலையில் இருந்தேன். ஒவ்வோர் இலையாகத் தாண்டி வந்தான். கையில் கோயிலில் இருந்ததைப் போலவே ஒரு பெரிய கரண்டி, புதிது. எனக்கு எதிரே வந்து நின்றான். இந்த முறை கடிகாரம் எதுவும் தேடாமல் அவன் முகத்தைப் பார்த்தேன். வேர்வை வலப்பக்கம் மட்டும்தான் வழிகிறது. எரிந்த பக்கம் வேர்ப்பதில்லை. முகம் எரிந்து ஐம்பது வருடமாகியும் இது எனக்குத் தெரியாது.

அவன் கரண்டியைத் தாழ்த்தவில்லை. என் காலடியைப் பார்த்தான்.

“கொஞ்சம் தள்ளி உக்காருங்க, தலைவரே. உங்க மூஞ்சி மேலயே உக்காந்திருக்கீங்க.”

குனிந்து பார்த்தேன். தரையில் பாய்க்குப் பதிலாக விரித்திருந்தது அந்தப் பேனர். வரிசையின் நடுவில், யாரோ ஒரு மழமழப்பான ஆள் மேல் ஆறேழு இலைகள். மூலையில், என் தொடைக்கு அடியில், மாலையோடு கைகூப்பிச் சிரிக்கிற நான்.

வரிசை முழுவதும் சிரித்தது. அஞ்சலை இந்த முறை சிரித்தாள். நான் இலையைக் கையில் பிடித்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தேன்.

அவன் சோறு போட்டான். மற்றவர்களுக்குப் போட்ட அதே அளவு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

நான் பதவியை விட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஊரில் எல்லோரும் அதை மறந்துவிட்டார்கள். கோவிந்தன் மட்டும் என்னை இன்னும் தலைவரே என்றுதான் கூப்பிடுகிறான்.